குவாண்டம் கணினியில் புலக் கோட்பாடு: ஷ்விங்கர் மாதிரியைக் கையால் தொடங்கி கியூபிட் வரை கொண்டுபோக ஒரு முழுமையான வழிகாட்டி

வெற்றிடத்தில் மின்புலத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வெற்றிடமே தாங்காது. மீட்டருக்குச் சுமார் 1.3 × 10¹⁸ வோல்ட் என்ற அளவை நெருங்கும்போது, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஜோடி ஜோடியாகப் பிறக்கும் என்கிறது குவாண்டம் மின்னியக்கவியல். 2016-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் ஓர் ஆய்வுக்குழு இந்தப் பிறப்பைப் பார்த்தது. அவர்களிடம் அத்தனை வோல்ட் இல்லை. நான்கு கால்சியம் அயனிகளும் சில லேசர்களும்தான் இருந்தன. அயனிகள் அந்த நிகழ்வின் சமன்பாடுகளை நடித்துக் காட்டின.

அந்தச் சோதனையின் உள்ளே இருக்கும் கணக்கை நீங்களே செய்து முடிக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், அணிகளைப் பெருக்கும் பழக்கம், பைத்தான் ஓடும் ஒரு மடிக்கணினி போதும். ஒரு வேண்டுகோள்: முதல் நான்கு படிகளைத் தாளில் பென்சிலால் செய்யுங்கள். குவாண்டம் மென்பொருளை முதலில் திறப்பவர்கள் எண்களைப் பெறுகிறார்கள். அந்த எண் எந்தத் துகளைச் சொல்கிறது என்பதைத்தான் தவறவிடுகிறார்கள்.

சாதாரணக் கணினி எங்கே தடுக்கி விழுகிறது

புரோட்டானுக்குள் இருக்கும் நுண்துகள்களான குவார்க்குகளின் கோட்பாட்டைச் சூப்பர் கணினியில் கணக்கிடுவது புதிதல்ல. 1974-இல் கெனத் வில்சன், வெளியையும் காலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து அதற்கு வழி போட்டார். 2008-இல் புரோட்டான் முதலான துகள்களின் நிறையை அடிப்படைச் சமன்பாட்டிலிருந்தே சில விழுக்காடு துல்லியத்தில் கணக்கிட்டுவிட்டார்கள். அந்த முறை ஒரு பெரிய கருத்துக்கணிப்பு போன்றது: கோடிக்கணக்கான புல அமைப்புகளில் முக்கியமானவற்றைப் பொறுக்கி எடுத்துச் சராசரி காண்கிறது. பொறுக்குவதற்கு ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு நேர்ம எடை வேண்டும்.

நிறை போன்ற நிலையான அளவுகளுக்கு அந்த எடை கிடைக்கிறது. ஆனால் இரண்டு அணுக்கருக்கள் மோதிய பின் நொடிக்கு நொடி என்ன நடக்கிறது என்று கேட்டால் எடைகள் கலப்பெண்களாகிவிடுகின்றன; ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மிச்சம் ஏறக்குறைய பூஜ்யமாகிறது. நியூட்ரான் விண்மீனின் உட்பகுதி போன்ற அடர்ந்த பொருளிலும் இதே கதிதான். இதற்குக் குறிச் சிக்கல் என்று பெயர். எல்லா இடத்துக்கும் பொருந்தும் எளிய தீர்வு இதற்கு அநேகமாக இருக்காது என்று 2005-இல் ட்ராயரும் வீஸும் காட்டினார்கள்.

சரி, எடை போடாமல் குவாண்டம் நிலையை அப்படியே நினைவகத்தில் வைத்தால்? 50 புள்ளிகளுக்கு 2⁵⁰ கலப்பெண்கள், அதாவது சுமார் 18 பெட்டாபைட். ஒவ்வொரு புள்ளி கூடும்போதும் அது இரட்டிக்கும். இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கிறது என்றால், அதே விதிப்படி நடக்கும் கருவியில் அதை நடிக்கவைக்கலாமே என்று 1981-இல் ரிச்சர்ட் ஃபெயின்மன் பேசியது இந்த இடத்திலிருந்துதான்.

படி 1: மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

ஜூலியன் ஷ்விங்கர் 1962-இல் எடுத்துக்கொண்ட மாதிரி நமக்குப் போதும். மின்னியக்கவியல்தான், ஆனால் வெளிக்கு ஒரே திசை. ஒரு கோட்டின் மேல் வாழும் உலகம். அங்கே காந்தப்புலம் கிடையாது. மின்புலக் கோடுகள் பக்கவாட்டில் விரிந்து பரவவும் வழியில்லை. ஒரு பாசிட்ரானிலிருந்து கிளம்பும் கோடு நேராகப் போய் ஓர் எலக்ட்ரானில்தான் முடிய வேண்டும். ஆகவே இரண்டையும் எவ்வளவு தூரம் பிரித்தாலும் விசை குறையாது, ஆற்றல் தூரத்துக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போகும். புரோட்டானுக்குள் குவார்க்குகள் சிறைப்பட்டிருப்பதும் இதே மாதிரிதான். அதனால்தான் அணுக்கரு இயற்பியலாளர்கள் இந்த எளிய மாதிரியை விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. எலக்ட்ரானின் நிறை பூஜ்யமானால் விடை சரியாகத் தெரியும்: இதில் தோன்றும் துகளின் நிறை, மின்னூட்ட அளவை √π-ஆல் வகுத்தது, அதாவது அதன் 0.564 மடங்கு. உங்கள் கணக்கு எந்த அளவு தேறியது என்று பார்க்க இதைவிட நல்ல உரைகல் இல்லை.

படி 2: வெளியைப் புள்ளிகளாக்குதல்

கோட்டைச் சம இடைவெளியில் புள்ளிகளாக்குங்கள். எலக்ட்ரான் புலம் புள்ளிகளில் இருக்கும். மின்புலம் புள்ளிகளுக்கு இடைப்பட்ட இணைப்புகளில் இருக்கும். எலக்ட்ரான் புலத்தை யோசிக்காமல் புள்ளிகளில் வைத்தால் கேட்காத இரட்டைத் துகள் ஒன்று கூடவே முளைக்கும். கோகட்டும் சஸ்கிண்டும் 1975-இல் சொன்ன வழி, வேலையை ஒற்றைப்படை, இரட்டைப்படைப் புள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது:

- ஒற்றைப்படைப் புள்ளி நிரம்பியிருந்தால் அங்கே ஒன்றுமில்லை. காலியாக இருந்தால் அங்கே ஓர் எலக்ட்ரான், மின்னூட்டம் −1.
- இரட்டைப்படைப் புள்ளி காலியாக இருந்தால் ஒன்றுமில்லை. நிரம்பியிருந்தால் பாசிட்ரான், மின்னூட்டம் +1.

முதல் முறை படிக்கும்போது ‘நிரம்பியது என்றால் ஒன்றுமில்லை’ என்பது தலை சுற்றவைக்கும். நிரம்பிய எதிர்ம ஆற்றல் கடலில் விழும் ஓட்டையைத் துகளாகப் பார்த்த டிராக்கின் பழைய படம்தான் இது. நிரம்பியதை 1, காலியை 0 என்று எழுதினால் நான்கு புள்ளி உலகின் வெற்றிடம் 1010.

படி 3: காஸ் விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியில்தான் நிதானமாக உட்கார முடியும் என்றால் இதில் உட்காருங்கள். பள்ளியில் படித்த காஸ் விதி ஒரு பரிமாணத்தில் இவ்வளவு சுருங்கிவிடுகிறது: இடமிருந்து வலம் நடந்து வாருங்கள், +1 மின்னூட்டத்தைத் தாண்டினால் மின்புலம் ஒன்று ஏறும், −1-ஐத் தாண்டினால் ஒன்று இறங்கும். அவ்வளவுதான்.

இதன் பொருள் பெரியது. துகள்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் மின்புலம் தானாகத் தெரிந்துவிடும். மின்புலத்துக்கு என்று தனி கியூபிட் (0, 1 இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கக்கூடிய குவாண்டம் பிட்) வேண்டாம்.

நான்கு புள்ளிகளில் 16 நிலைகள் உண்டு. மொத்த மின்னூட்டம் பூஜ்யமாக இருப்பவை ஆறே ஆறு. இடக்கோடியில் புலம் பூஜ்யம் என்று வைத்து மூன்று இணைப்புகளிலும் புலத்தை எழுதிப் பாருங்கள்:

- 1010: வெற்றிடம். புலம் 0, 0, 0.
- 0110: இடப்பக்கம் ஒரு ஜோடி. புலம் −1, 0, 0.
- 1001: வலப்பக்கம் ஒரு ஜோடி. புலம் 0, 0, −1.
- 1100: நடுவில் ஒரு ஜோடி. புலம் 0, 1, 0.
- 0011: எலக்ட்ரான் ஒரு கோடியில், பாசிட்ரான் மறுகோடியில். புலம் −1, −1, −1.
- 0101: நான்கு துகள்கள். புலம் −1, 0, −1.

புலத்தின் ஆற்றல் அதன் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும். அடுத்தடுத்து நிற்கும் ஜோடிக்கு ஓர் அலகு, பிரிந்து நிற்கும் 0011-க்கு மூன்று அலகு. துகள்கள் பிரிய மறுப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை ஆறு வரிப் பட்டியலில் கண்முன் நிற்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

படி 4: ஆற்றலை எழுதிக் கையால் தீர்த்தல்

மொத்த ஆற்றலைச் சொல்லும் ஹாமில்டோனியனில் மூன்று பகுதிகள். தாவல்: பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே 10 என்பது 01 ஆவதும் திரும்புவதும், ஜோடி பிறப்பதும் அழிவதும் இதனால்தான். நிறை: பிறக்கும் ஒவ்வொரு துகளுக்கும் கொடுக்க வேண்டிய விலை. இழை: புல வர்க்கங்களின் கூட்டுத்தொகை. இவற்றுக்கு முறையே 1, 0.5, 1 என்று அளவு கொடுப்போம்.

இரண்டே புள்ளிகள் இருந்தால் நிலைகளும் இரண்டுதான்: வெற்றிடம் 10, ஜோடி 01. நிறை ஆற்றலின் பூஜ்யத்தை இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்தால் வெற்றிடத்தின் ஆற்றல் −0.5. ஜோடிக்கு 0.5-உடன் இழை 1 சேர்ந்து 1.5. மூலைவிட்டத்தில் இந்த இரண்டும், மற்ற இரு இடங்களில் தாவல் 1-உம் போட்டால் 2 × 2 அணி கிடைக்கும். அதன் ஐகன் மதிப்புகள், அதாவது இந்த உலகுக்கு வாய்க்கும் ஆற்றல் அளவுகள், 0.5 ± √2, அதாவது −0.914, 1.914. உண்மையான தாழ்நிலை −0.914 என்பது வெறும் 10 அல்ல. அதில் ஜோடியின் கலப்பும் இருக்கிறது.

இப்போது 10-இல் தொடங்கிக் காலத்தை ஓடவிடுங்கள். ஜோடி காணப்படும் நிகழ்தகவு 0.5 × சைன்²(√2 × காலம்). காலம் 1.11 ஆகும்போது அது சரியாக 0.5-ஐத் தொட்டுத் திரும்பும். இந்த 0.5-ஐ ஒரு மூலையில் குறித்து வையுங்கள்.

படி 5: கியூபிட்டுக்கு மொழிபெயர்த்தல்

புள்ளிக்கு ஒரு கியூபிட். எலக்ட்ரான்கள் இடம் மாறும்போது குறி மாறும் குணத்தை யோர்டானும் விக்னரும் 1928-இலேயே சுழல்களுக்கு (கியூபிட் போல இரண்டே நிலை கொண்டவை) மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே கோட்டில் பக்கத்துப் புள்ளிக்கு மட்டும் தாவுவதால் அந்த மாற்றத்தில் இடைப்பட்ட புள்ளிகளையெல்லாம் இழுத்துவரும் நீண்ட வால் நமக்கு வராது.

இழை ஆற்றலில்தான் கவனம் வேண்டும். ஓர் இணைப்பின் புலம் அதற்கு இடப்பக்கமுள்ள எல்லா மின்னூட்டங்களின் கூட்டுத்தொகை. அதை வர்க்கப்படுத்தினால் தூரத்துக் கியூபிட்டுகளும் இணை இணையாகப் பின்னிக்கொள்கின்றன. நான்கு புள்ளிக்கு 1-2, 1-3, 2-3 என மூன்று இசட்-இசட் இணைகள் (இசட் என்பது ஒரு புள்ளி நிரம்பியதா காலியா என்பதை +1, −1 ஆகச் சொல்லும் அளவு). முதல் இணைக்கு எடை 1, மற்ற இரண்டுக்கும் 0.5. நிரலில் இந்த எண்கள் வரவில்லையென்றால் படி 3-க்குத் திரும்புங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். மென்பொருள்களில் 1 என்ற நிலைக்கு இசட்டின் மதிப்பு −1. நம் கணக்கில் நிரம்பிய புள்ளிக்கு +1. குறியை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தது, ஐபிஎம்மின் குவாண்டம் மென்பொருளான கிஸ்கிட் கியூபிட்டுகளை வலமிருந்து இடமாக அச்சிடும். நம் வெற்றிடம் 1010 அங்கே 0101 என்று தெரியும். அது நம் பட்டியலில் நான்கு துகள் நிலை! காலம் பூஜ்யத்திலேயே உலகம் துகள்களால் நிரம்பியிருந்தால் முதலில் இதைச் சோதியுங்கள்.

படி 6: காலத்தை நறுக்குதல்

தாவலையும் மற்ற இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்க இயந்திரத்தால் முடியாது. எனவே காலத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் முதலில் தாவல், அப்புறம் நிறையும் இழையும் என்று மாற்றி மாற்றி இயக்குகிறோம். ட்ராட்டரின் இந்த வாய்பாட்டைக் குவாண்டம் கணினியில் இப்படிப் பயன்படுத்தலாம் என்று 1996-இல் சேத் லாயிட் காட்டினார்.

எத்தனை துண்டு வேண்டும்? நம் இரண்டு புள்ளி உலகில், காலம் 1.11-இல் கணக்குப் போட்டால்: ஒரே துண்டில் நிகழ்தகவு 0.80. இரண்டு துண்டில் 0.58. நான்கில் 0.52. சரியான விடை நீங்கள் குறித்து வைத்த 0.50. துண்டைக் கூட்டினால் கணிதப் பிழை குறைகிறது. ஆனால் கேட்கள் (கியூபிட்டுகளின் மேல் செய்யும் அடிப்படைச் செயல்கள்) கூடி இயந்திர இரைச்சல் ஏறுகிறது. இந்த இழுபறியில் எங்கே நிற்பது என்பதை ஒவ்வொரு கருவிக்கும் தனியாகத்தான் தீர்மானிக்க வேண்டும்.

படி 7: சுற்றை அமைத்து அளந்து பார்த்தல்

தொடக்க நிலை எளிது: முதல் கியூபிட்டிலும் மூன்றாவதிலும் 0-ஐ 1 ஆக்கும் எக்ஸ் கேட் ஒவ்வொன்று. ஒரு துண்டுக்கு மூன்று தாவல்கள், மூன்று இசட்-இசட் இணைகள்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு கியூபிட்டுகளைப் பிணைக்கும் சி-நாட் கேட் இரண்டு என்றால் 12. நான்கு துண்டுக்கு 48. ஒரு கேட் 0.5 விழுக்காடு பிழை செய்கிறது என்று வைத்தால், ஒரு பிழையும் இல்லாமல் ஓட்டம் முடிய வாய்ப்பு சுமார் 79 விழுக்காடு.

சில ஆயிரம் முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் நான்கு பிட்டுகளைப் படியுங்கள். ஒற்றைப்படையில் 0, இரட்டைப்படையில் 1 என்று வந்தவற்றை எண்ணினால் துகள்களின் எண்ணிக்கை. அத்துடன் காஸ் விதி இங்கே இரண்டாம் முறை கைகொடுக்கிறது. 1110 என்று ஒரு விடை வந்தால் மொத்த மின்னூட்டம் பூஜ்யமில்லை. இயற்கையில் அது நடக்கவே முடியாது. அது இரைச்சலின் வேலை என்று அடித்து ஒதுக்கலாம். ஆனால் 1010 தவறுதலாக 0110 ஆகியிருந்தால் இந்தச் சல்லடையில் மாட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதே ஆறு நிலைகளுக்கு 6 × 6 அணி எழுதி மடிக்கணினியில் நேரடியாகத் தீர்த்து, இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். இந்த ஒப்பீடு இல்லாத எந்த விடையையும் நம்பாதீர்கள்.

உண்மையான இயந்திரங்களில் இதுவரை நடந்தது

இன்ஸ்ப்ரூக் குழு மேலே சொன்ன பாதையில்தான் போனது: மின்புலத்தைக் காஸ் விதியால் நீக்கிவிட்டு, நான்கு கியூபிட், நான்கு ட்ராட்டர் துண்டு. அயனிப் பொறியில் எந்த அயனியும் எந்த அயனியோடும் நேரடியாகப் பேசும். தூரத்து இணைகள் நிறைந்த இந்தக் கணக்குக்கு அது கனகச்சிதமாகப் பொருந்தியது. 2019-இல் அதே நகரில் 20 அயனிகளில், சாதாரணக் கணினியும் குவாண்டம் கருவியும் மாறி மாறித் திருத்திக்கொள்ளும் முறையில் இந்த மாதிரியின் தாழ்நிலையைத் தேடினார்கள். அணுக்கருப் பக்கம், 2018-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வாளர்கள் டியூட்டரானின் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கரு) பிணைப்பாற்றலை, அதாவது 2.2 எம்இவியை (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்), இணையம் வழியே கிடைத்த குவாண்டம் கணினிகளில் சில விழுக்காடு பிழையில் பெற்றார்கள்.

கேட்களே இல்லாத இன்னொரு வழியும் இருக்கிறது. குளிர்ந்த அணுக்களை லேசர் ஒளியின் மேடுபள்ளங்களில் அடுக்கி, அவற்றின் இயல்பான ஆட்டமே புலக் கோட்பாடாக அமையும்படி செய்வது. சீனாவிலும் ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கிலும் உள்ள ஆய்வாளர்கள் 2020-இல் 71 இடங்கள் கொண்ட அமைப்பில் காஸ் விதி காப்பாற்றப்படுவதை நேரடியாகச் சோதித்தார்கள்.

பெருக்கிக்கொண்டே போகும்போது வரும் தடையையும் பாருங்கள். நம் முறையில் 100 புள்ளிக்கு இசட்-இசட் இணைகள் 4851. ஒரு துண்டுக்கே பத்தாயிரத்தை நெருங்கும் சி-நாட் கேட்கள் வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வுக்குழு 2024-இல் வெளியிட்ட வேலையில் இதைத் தாண்டியது அழகு: வெற்றிடத்தில் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதால் தூரத்து இணைகளின் தாக்கம் வேகமாகத் தேய்கிறது, ஒரு தூரத்துக்கு மேல் அவற்றை வெட்டிவிடலாம். சிறிய அமைப்புகளில் கற்ற சுற்றையே பெரிதாக்கி, ஐபிஎம் கணினியில் 112 கியூபிட்டில் இந்த மாதிரியின் ஹாட்ரான் (சிறைப்பட்ட துகள்கள் சேர்ந்த கூட்டுத் துகள்) நகர்வதைப் பின்தொடர்ந்தார்கள். 13,858 இரு-கியூபிட் கேட்கள். மாதிரியின் இயற்பியலே கேட்களைச் சேமித்துக் கொடுத்தது.

அடுத்து எங்கே போகலாம்

நான்கு புள்ளி விடை இயற்கையின் விடை அல்ல. புள்ளிகளைக் கூட்டி, இடைவெளியைக் குறைத்து, படி 1-இல் சொன்ன 0.564-ஐ நோக்கி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு, மூன்று திசைகளுக்குப் போனால் காந்தப்புலம் வந்துவிடும். காஸ் விதியால் மட்டும் புலத்தை முழுதாக நீக்க முடியாது, புலத்துக்கும் கியூபிட் ஒதுக்க வேண்டும். குவார்க்குகளின் கோட்பாட்டில் புலமே நிறம் எனப்படும் ஒரு வகை மின்னூட்டத்தைச் சுமக்கிறது, அங்கே காஸ் விதி ஒவ்வொரு புள்ளியிலும் பல விதிகளாகிவிடுகிறது. அதைச் சிக்கனமாக எழுதும் முறைகளில் நம் ஊருக்கும் பங்குண்டு: சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ரமேஷ் அனிஷெட்டியும், கொல்கத்தாவிலிருந்து மனு மாத்தூர், இந்திராட்சி ராய்சௌத்ரி ஆகியோரும் சேர்ந்து அந்த விதிகளை எளிதாக்கும் எழுத்துமுறையை வளர்த்தார்கள். குவாண்டம் கணினிக்கான இன்றைய வேலைகளில் அந்தப் பாதை தொடர்கிறது.

கையில் இருக்கும் நான்கு கியூபிட்டை வைத்தே ஒரு பயிற்சி மிச்சமிருக்கிறது. இடக்கோடியில் புலத்தைப் பூஜ்யத்துக்குப் பதில் +1 என்று வையுங்கள். அதாவது கோட்டுக்கு வெளியே இடப்பக்கம் ஒரு நேர் மின்னூட்டமும் வலப்பக்கம் ஓர் எதிர் மின்னூட்டமும் அசையாமல் நிற்கின்றன. நடுவே விறைத்த ஓர் இழை. வெற்றிடத்தை அளவுகோலாக வைத்து நிறையையும் இழையையும் மட்டும் கூட்டினால், 1010-க்கு இப்போது ஆற்றல் 3. அங்கிருந்து ஒரு தாவலில் 0110, அதற்கும் 3. இன்னொரு தாவலில் 0101, மறுபடி 3. மூன்றாவது தாவலில் 0011: மூன்று இணைப்பிலும் புலம் பூஜ்யம், ஆற்றல் 1. இழை அறுந்துவிட்டது, பிறந்த எலக்ட்ரான் இடப்பக்க நேர் மின்னூட்டத்தையும் பாசிட்ரான் வலப்பக்க எதிர் மின்னூட்டத்தையும் ஒட்டி நிற்கின்றன. மோதுகளத்தில் பிரிந்தோடும் இரு குவார்க்குகளுக்கு நடுவே புதுத் துகள்கள் பிறப்பதும் இப்படித்தான். 1010-இல் தொடங்கி, 0011 எந்தக் காலத்தில் உச்சம் தொடுகிறது என்று ஓட்டிப் பாருங்கள். பிறகு நிறையை 0.5-லிருந்து 3-க்கு ஏற்றி மீண்டும் ஓட்டுங்கள்: 0011-இன் ஆற்றல் 6 ஆகிவிடும், இழை அறுவது அரிதாகிவிடும்.